கண் தமனி வழியாக கீமோதெரபி பெறும் குழந்தையின் கண்ணில் இரத்த ஓட்டத்தைக் கண்காணிப்பது எப்படி?

ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய், ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே தெரியவரும் நோயாகும். இதற்கான மருந்தை உடல் முழுவதும் பரவவிடாமல், கண்ணுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிக்குள்ளேயே நேரடியாகச் செலுத்தும் முறை இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. ஜப்பானில் அகிஹிரோ கனேகோவும் அவருடைய குழுவினரும் 1980களில், கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயின் முனையில் பலூன் பொருத்தி இதற்கு வழிவகுத்தனர். நியூயார்க்கில் டேவிட் ஆப்ராம்சனும் பியர் கோபினும் 2006இல் கண் தமனியின் வாயிலிலேயே நுண்கதீட்டரை நிறுத்தி மருந்து செலுத்தத் தொடங்கினர். முன்பு அகற்றியே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்ட பல கண்கள் இம்முறையால் காப்பாற்றப்பட்டுள்ளன.

ஆனால் மருந்து எந்த நாளத்தின் வழியே போகிறதோ, அதே நாளத்தை நம்பித்தான் கண்ணும் வாழ்கிறது. கட்டி சுருங்கியதா என்பது ஒரு கேள்வி. கண்ணின் இரத்த ஓட்டம் நலமாக இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு மகிழ்ச்சியான பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதைக் கேட்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை, அது இயல்பே. ஆயினும் ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றுக்குப் பிறகும் இரண்டுக்கும் தனித்தனியே பதில் பெற்றுக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. மருந்தையும் அளவையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது சிகிச்சைக் குழுவின் பொறுப்பு. அந்தத் தீர்மானத்தைப் புரிந்துகொண்டு உடன் நிற்பதற்கான வழிகாட்டியாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு இரத்த வழிகளைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள்

மூளைக்குச் செல்லும் உட்புறக் கரோட்டிட் தமனியிலிருந்து கண் தமனி கிளைக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குள் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று விழித்திரை மையத் தமனி; இது பார்வை நரம்புக்குள் புகுந்து வந்து விழித்திரையின் உள் அடுக்குகளுக்கு இரத்தம் தருகிறது. மற்றொன்று பின் சிலியரித் தமனிகள். இவை விழித்திரைக்கு அடியில் விரிந்துள்ள கோராய்டு படலத்தை நிரப்புகின்றன. ஒளியை உணரும் செல்கள் இருக்கும் வெளி அடுக்கு இந்தக் கோராய்டைத்தான் சார்ந்திருக்கிறது. கண்ணுக்கு வரும் இரத்தத்தில் மிகப் பெரும் பங்கு கோராய்டுக்கே செல்கிறது. ஆகவே தமனியில் செலுத்தப்படும் மருந்திலும் பெரும் பங்கு அங்கேதான் போய்ச் சேருகிறது.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கூர்மையான பார்வைக்கு ஆதாரமான ஃபோவியாவின் நடுப்பகுதியில் விழித்திரை நுண்நாளங்களே கிடையாது. அந்த இடம் முழுக்க முழுக்க கோராய்டின் இரத்தத்தால்தான் பிழைக்கிறது. எனவே கண்ணின் ஓரத்தில் கோராய்டு கொஞ்சம் மெலிந்தால் குழந்தையின் அன்றாடப் பார்வை பெரிதாகக் குறையாமல் போகலாம். அதே மெலிவு ஃபோவியாவின் அடியில் ஏற்பட்டால் ஈடுசெய்ய வேறு வழியில்லை. "கோராய்டில் மாற்றம் இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், "எந்த இடத்தில், ஃபோவியாவிலிருந்து எவ்வளவு தள்ளி?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

இரத்த ஓட்டம் குறைந்தது என்றால் எந்த வகைக் குறைவு என்று கேளுங்கள்

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு காணப்படும் எல்லாக் குறைவும் கேடானதல்ல. மூன்று வகைகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் தேவையற்ற அச்சமும், சில வேளைகளில் தேவையற்ற நிம்மதியும் உண்டாகின்றன.

முதல் வகை, நாம் விரும்புவது. வளரும் கட்டி தனக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியையும் திருப்பி எடுத்துச்செல்லும் சிரையையும் பருக்கச்செய்து, முறுக்கிக்கொள்ள வைக்கிறது. மருந்து வேலை செய்யும்போது கட்டியின் தேவை குறைகிறது. பருத்த நாளங்கள் மெலிந்து இயல்பான அளவுக்குத் திரும்புகின்றன. படத்தில் இது இரத்த ஓட்டக் குறைவாகவே தெரியும். ஆனால் அது கட்டி அடங்குவதன் அடையாளம்.

இரண்டாம் வகை தற்காலிகமானது. சிறு குழந்தையின் கண் தமனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவான விட்டமோ கொண்டது. பயன்படுத்தப்படும் நுண்கதீட்டரின் முனை 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். அவ்வளவு மெல்லிய நாளத்தின் சுவரைக் கதீட்டர் தொட்டாலே அது இறுகிச் சுருங்கலாம். இந்த இறுக்கம் பல வேளைகளில் கதீட்டரைப் பின்வாங்கியதும், அல்லது வெரபமில் போன்ற நாளத்தைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்ததும் விலகிவிடுகிறது.

மூன்றாம் வகையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். இச்சிகிச்சையில் செலுத்தப்படும் மெல்ஃபலான் போன்ற புற்றுநோய் மருந்துகள் நாளங்களின் உட்சுவர் செல்களையே புண்படுத்தக்கூடியவை. உட்சுவர் வீங்கினால் வெள்ளை அணுக்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன, நுண்நாளங்கள் அடைபடுகின்றன. கதீட்டர் தமனிக்குள் ஆழமாக இறுகிப் பொருந்தி இயல்பான இரத்தத்தை வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தால், மருந்து நீர்த்துப்போகாமல் அடர்த்தியாகவே கண்ணுக்குள் தங்குகிறது, பாதிப்பும் கூடுகிறது. இதன் விளைவாக விழித்திரைத் தமனியின் ஒரு கிளையோ முழுத் தமனியுமோ அடைபடலாம். கோராய்டு சில வாரங்களிலோ மாதங்களிலோ மெலிந்து வெளிறலாம். அரிதாகக் கண் தமனியே குறுகி, அடுத்த சுற்றுக்கு வழியில்லாமல் போகலாம்.

சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு தொடக்கப் பதிவு இருக்கட்டும்

பின்னால் எதையாவது ஒப்பிட வேண்டுமென்றால் முன்னால் ஒரு பதிவு வேண்டும். இதைத் தவறவிட்டால் மீட்க முடியாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மயக்க மருந்தின் கீழ் நடக்கும் முதல் பரிசோதனையிலேயே அகலக்கோணக் கண் படம், சிரையில் சாயம் செலுத்திக் கண்ணின் நாளங்களைப் படம்பிடிக்கும் ஃபுளோரசின் ஆஞ்சியோகிராபி, இயன்றால் விழித்திரை அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் ஓ.சி.டி., எலெக்ட்ரோரெட்டினோகிராம் எனப்படும் ஈ.ஆர்.ஜி. ஆகியவை எடுக்கப்படுமா என்று கேளுங்கள். எல்லா மையங்களிலும் எல்லாக் கருவிகளும் இருப்பதில்லை. ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால், என் கருத்தில், கண் படத்துடன் கூடிய ஃபுளோரசின் ஆஞ்சியோகிராபியே முதலில் வேண்டியது. இரத்தம் எங்கே எட்டுகிறது, எங்கே எட்டவில்லை என்பதை அது நேராகக் காட்டுகிறது.

ஈ.ஆர்.ஜி. அளவைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அது விழித்திரை ஒளிக்குத் தரும் மின் எதிர்வினையை அளக்கிறது. கட்டியின் காரணமாக விழித்திரை பிரிந்து எழும்பியிருக்கும் கண்ணில், சிகிச்சைக்கு முன்பே அந்த எதிர்வினை மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். விழித்திரை மீண்டும் படிந்ததும் அது உயரவும் கூடும். ஆகவே ஒற்றை அளவைக் கொண்டு சிகிச்சை கெடுதல் செய்தது என்றோ நன்மை செய்தது என்றோ முடிவுகட்டலாகாது; வரிசையாக எடுத்த அளவுகளே பேசும்.

குழந்தைக்கு ஏற்கெனவே இதயக் குறைபாடோ, இரத்தம் உறைவதில் சிக்கலோ, குடும்பத்தில் இளவயதில் பக்கவாதம் வந்த வரலாறோ இருந்தால் அதைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிகச் சிறிய, எடை குறைந்த கைக்குழந்தைகளுக்குப் பல மையங்கள் உடனே தமனிவழிச் சிகிச்சையில் இறங்குவதில்லை. சில வாரங்கள் சிரைவழி மருந்து கொடுத்து, குழந்தையும் நாளமும் சற்று வளர்ந்த பின்னரே தொடங்குகின்றன. இதைத் தாமதம் என்று எண்ண வேண்டாம். தமனியின் நலம் கருதியே அவ்வாறு செய்கிறார்கள்.

சிகிச்சை நாளில் உள்ளே என்ன நடக்கிறது

குழந்தை முழு மயக்கத்தில் இருக்கும். தொடை இடுக்கிலுள்ள தமனியில் ஒரு மெல்லிய குழாய் செலுத்தப்பட்டு, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கப்படும். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே நிபுணர் கதீட்டரைக் கரோட்டிட் தமனி வரை கொண்டுசென்று, கண் தமனியின் வாயிலில் அதன் முனையை நிறுத்துவார்.

அதன் பிறகு வரும் சில நொடிகள்தான் இரத்த ஓட்டத்தின் பார்வையில் மிக முக்கியமானவை. மருந்துக்கு முன் சிறிதளவு எக்ஸ்ரே சாயத்தைச் செலுத்துவார்கள். திரையில் முதலில் கண் தமனி ஒரு கறுப்பு இழையாகத் தெரியும். அடுத்து கண்ணின் பின்சுவரை ஒட்டி, பிறை வடிவில் மங்கலான ஒரு நிழல் படியும். கோராய்டு நிரம்புவதன் அடையாளம் அந்தப் பிறை. அது தெளிவாகத் தெரிந்தால் மருந்து கண்ணுக்குள் போகும் என்பது உறுதி. அது தெரியாமல் சாயம் முழுவதும் நெற்றிப் பக்கமோ மூக்குப் பக்கமோ போனால், மூக்கில் நாளம் சுருக்கும் மருந்தைத் தெளித்து அந்தக் கிளைகளை ஒடுக்குவது, கரோட்டிட் தமனியைப் பலூனால் சற்று நேரம் அடைத்து மருந்தைக் கண் தமனிக்குத் திருப்பும் முறைக்கு மாறுவது, நடு மெனிஞ்சியல் தமனி போன்ற வேறு பாதையைத் தேடுவது என்று வழிகள் உள்ளன. சாயம் சிறிதளவு கரோட்டிட் தமனிக்குத் திரும்பி வழிவதும் பார்க்கப்படும்; கதீட்டர் நாளத்தை அடைத்துக்கொண்டிருக்கவில்லை என்பதை அது காட்டுகிறது.

மெல்ஃபலான் வழக்கமாக 3 முதல் 7.5 மில்லிகிராம் வரை, வயதையும் கண்ணின் நிலையையும் பொறுத்துக் கொடுக்கப்படுகிறது. தேவைக்கேற்ப டோப்போடீக்கானும் கார்போபிளாட்டினும் சேர்க்கப்படும். கரைத்த மெல்ஃபலான் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மருந்தகம் கடைசி நேரத்தில்தான் அதைத் தயாரிக்கும். மருந்தை ஒரே வேகத்தில் ஓடவிடாமல், சிறு சிறு தள்ளல்களாக அரை மணி நேரம் வரை எடுத்துக்கொண்டு செலுத்துவது வழக்கம்; சீராக ஓடினால் மருந்து இரத்தத்தோடு கலக்காமல் தனி இழையாக ஒரே கிளைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

கதீட்டர் கண் தமனியைத் தொடும் நேரத்தில், குறிப்பாக இரண்டாம் சுற்றிலிருந்து, சில குழந்தைகளுக்கு நுரையீரல் திடீரென இறுகி, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சரிவதுண்டு. மயக்க மருத்துவர்கள் இதை எதிர்பார்த்தே அட்ரினலினைக் கைவசம் வைத்திருப்பார்கள். அப்படி நேர்ந்ததா என்பதைச் சிகிச்சை முடிந்ததும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று மாலைக்குள் இந்த நான்கு செய்திகளும் உங்கள் குறிப்பேட்டில் இருப்பது நல்லது: எந்தத் தமனி வழியாக மருந்து சென்றது, எந்தெந்த மருந்து எவ்வளவு, கோராய்டின் பிறை நிழல் மருந்துக்கு முன்னும் பின்னும் தெரிந்ததா, நாளம் இறுகியதா. குழுவினர் இவற்றை எப்படியும் எழுதிவைப்பார்கள்; கேட்டால் சொல்வார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குத்திய கால் சில மணி நேரம் நீட்டியபடியே அசையாமல் இருக்க வேண்டும். அந்தப் பாதம் மற்றதைவிடக் குளிர்ந்தோ வெளிறியோ இருந்தாலும், தொடை இடுக்கில் வீக்கம் பெருகினாலும் உடனே தெரிவியுங்கள்.

சிகிச்சை பெற்ற பக்கத்தில் இமை வீங்குவதும், நெற்றியின் நடுவிலிருந்து மேல்நோக்கிப் பட்டையாகச் சிவப்பதும் கண் தமனியின் கிளைகள் போகும் பாதையை ஒட்டி வருபவை. பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ மறைந்துவிடும். இமைமயிர் உதிரலாம், திரும்ப முளைக்கும். இமை தொங்குவதும், கண் ஒரு பக்கம் திரும்பாமல் நிற்பதும் சற்றுக் கூடுதலான கவனத்துக்குரியவை. இவையும் பலருக்குச் சில மாதங்களில் சரியாகின்றன. ஆனாலும், கண்குழியிலுள்ள தசைகளும் நரம்புகளும் அதே தமனியிடமிருந்தே இரத்தம் பெறுவதால், உள்ளேயும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு அடுத்த பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

கண் சிவந்து வலித்தாலும், கருவிழி புகைபடிந்தாற்போல் மங்கினாலும், கண்ணின் முன்பகுதியில் இரத்தம் தேங்கியது போலத் தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. இரத்தம் போதாத கண்ணில் ஐரிஸின் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தின்) மேல் தவறான புது நாளங்கள் முளைத்து, கண் அழுத்தம் உயர்வதன் அறிகுறிகளாக இவை இருக்கலாம். ஒரு பக்கக் கை கால் தளர்வு, வலிப்பு, வழக்கத்துக்கு மாறான மயக்க நிலை ஆகியவை மிக அரிதானவை. வந்தால் அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். 38 பாகை செல்சியஸைத் தொடும் காய்ச்சலுக்கு இரத்த ஓட்டத்தோடு தொடர்பில்லை. ஆனால் ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால் அதையும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

சில மையங்கள் சிகிச்சைக்குப் பிறகு சிறிதளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. குழு எழுதித் தராமல் நீங்களாகவே அதைக் கொடுக்கக் கூடாது. வைரஸ் காய்ச்சலுள்ள குழந்தைக்கு ஆஸ்பிரின் ஆபத்தானது.

மூன்று நான்கு வாரம் கழித்து: படங்களை மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்

அடுத்த பரிசோதனை வழக்கமாக மூன்று முதல் நான்கு வாரங்களில் வரும். படங்களைத் திரையில் காட்டச் சொல்லி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவக் கல்வி இல்லாதவர்களுக்கும் ஃபுளோரசின் படத்தொடர் புரியக்கூடியதே. கையின் சிரையில் செலுத்திய சாயம் கண்ணை எட்டும்போது முதலில் பின்னணி முழுவதும் ஒழுங்கில்லாத திட்டுகளாக வெளுக்கும்; அது கோராய்டு. ஒன்றிரண்டு நொடிகளில் அதன் மேல் விழித்திரைத் தமனிகள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாக ஓடும், பிறகு நுண்நாளங்கள், அதன் பின் சிரைகளின் இரு ஓரங்களிலும் வெளிச்சம் படிந்து, மெல்ல நடுவும் நிரம்பும். பின்னணி வெளுக்காமல் ஒரு பகுதி கறுப்பாகவே நின்றால் அங்கே கோராய்டு நிரம்பவில்லை என்று பொருள். பின்னணி வெளுத்தும் கோடு ஒன்று பாதியில் அறுபட்டு நின்றால் விழித்திரைத் தமனியின் கிளை அடைபட்டிருக்கிறது. கட்டியும் பழைய இரத்தக்கசிவும் கூடக் கறுப்பாகவோ மிக வெள்ளையாகவோ தெரிந்து கண்ணை ஏமாற்றும். அங்கே மருத்துவரின் விளக்கம் வேண்டும். சாயத்தால் குழந்தையின் தோல் சில மணி நேரமும் சிறுநீர் ஏறத்தாழ ஒரு நாளும் மஞ்சளாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம்.

சாதாரண வண்ணப் படத்தில் கோராய்டு மெலிவு இன்னும் தாமதமாகத்தான் தெரியும். செம்மை குறைந்து வெளிறிய திட்டும், அதன் ஓரத்தில் உப்பும் மிளகும் தூவியது போன்ற நிறமிப் புள்ளிகளும் காணப்படும். ஓ.சி.டி. இருந்தால் கோராய்டின் தடிமனை மைக்ரான் அளவில் சொல்லிவிடும். தடிமன் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே போவதுதான் கவனிக்க வேண்டியது. சாயமே இல்லாமல் நாளங்களைப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபியும், லேசர் ஒளியின் சிதறலைக் கொண்டு இரத்தம் ஓடும் வேகத்தை ஒப்பளவாகச் சொல்லும் ஸ்பெக்கிள் முறையும் சில இடங்களில் உள்ளன. லேசர் ஸ்பெக்கிள் தரும் எண் ஒரே கண்ணை வெவ்வேறு நாட்களில் ஒப்பிடுவதற்கே ஏற்றது. ஒரு குழந்தையின் எண்ணை இன்னொரு குழந்தையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். மயக்கத்தின் ஆழமும் அப்போதைய இரத்த அழுத்தமும் கூட அந்த எண்ணை மாற்றிவிடும்.

குறைவு உறுதியானால் என்ன கேட்பது

தமனிவழிச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று சுற்றுகளை ஒட்டித் திட்டமிடப்படுகிறது. தேவையானால் கூடும், போதுமானால் குறையும். முதல் சுற்றுக்குப் பின்னரே கோராய்டு மெலிந்திருந்தால், அடுத்த சுற்றில் மெல்ஃபலானின் அளவைக் குறைக்கலாமா, டோப்போடீக்கானுக்கு மாறலாமா, கதீட்டர் முனையை இன்னும் வெளியே நிறுத்தலாமா, வேறு தமனி வழியே போகலாமா, இடைவெளியை நீட்டலாமா என்று கேளுங்கள். கட்டி ஏற்கெனவே நன்றாகச் சுருங்கி, எஞ்சியது சிறிதாக இருந்தால், லேசர் அல்லது உறைகுளிர்ச் சிகிச்சையால் அதை முடித்துவிட்டு நாளத்துக்கு ஓய்வு கொடுக்க முடியுமா என்பதும் நியாயமான கேள்வியே. கண்ணின் விட்ரியஸ் கூழில் மிதக்கும் கட்டித் துகள்கள் மட்டுமே பிரச்சினையாக இருந்தால், மருந்தை நேரே அந்தக் கூழுக்குள் ஊசியாகச் செலுத்தும் வழியும் உண்டு.

அதே வேளையில், இரத்த ஓட்டத்தைக் காக்க வேண்டும் என்பதற்காகக் கட்டியை அரைகுறையாக விட்டுவிட முடியாது. குழந்தையின் உயிர் முதலாவது, கண் அதற்கு அடுத்தது, பார்வை அதற்கும் அடுத்தது என்ற வரிசையில்தான் எந்தக் குழுவும் முடிவெடுக்கும். மற்றொரு கண் நலமாக உள்ள குழந்தைக்கும், இருப்பதே அந்த ஒரு கண்தான் என்ற குழந்தைக்கும் ஒரே மருந்தளவு சரியாக இருக்காது. இரண்டாம் குழந்தைக்கு ஃபோவியாவின் அடியிலுள்ள சிறு கோராய்டுத் துண்டுக்காகக் கூடத் திட்டத்தை மாற்றி யோசிப்பார்கள், யோசிக்கவும் வேண்டும்.

சுற்றுகள் முடிந்த பின்னும் கோராய்டு மெலிவு பல மாதங்கள் வரை வெளிப்படக்கூடும் என்பதால் படப் பதிவுகள் தொடர வேண்டும். ஃபோவியா தப்பியிருக்கும் கண்ணுக்கு, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மறைத்துப் பயிற்சி கொடுப்பதால் பார்வை மேம்பட வாய்ப்புண்டு; எப்போது தொடங்கலாம் என்று குழந்தைக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவமனை மாற நேர்ந்தால் அறிக்கைத் தாள்கள் மட்டும் போதா. ஆஞ்சியோகிராபியின் முழுப் படத்தொடரையும், கதீட்டர் அறையில் பதிவான எக்ஸ்ரே ஓட்டத்தையும், தொடக்கப் பதிவையும் சேர்த்து மின்னணுப் பிரதியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுருக்க அறிக்கையில் "இயல்பு" என்ற ஒற்றைச் சொல்லாக இருப்பதைப் புதிய மருத்துவர் அந்த ஓட்டப் படத்தில் நொடி நொடியாகப் பார்த்து, அடுத்த கதீட்டரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க முடியும்.